எட்டு ரஷ்யச் சொல்லும் ஒரு தனி டம்ளரும்

நான் கடல் தாண்டியதில்லை. விமானத்தில் ஏறியதில்லை. மதுரை விமான நிலையத்துக்கு அதுவரை இரண்டே முறைதான் போயிருந்தேன். இரண்டு முறையும் மகன் பிரபுவை ரஷ்யாவுக்கு வழியனுப்பிவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று மூக்கைச் சிந்தியதுதான் மிச்சம். ஆனாலும் நானும் ஒரு வெளிநாட்டுப் பயணம் போய் வந்தவள்தான். ஆனையூரில் என் வீட்டு வாசற்படியில் தொடங்கி, செல்லூர் போய், சோழவந்தான் பக்கம் போய், நாலாம் நாள் அதே வாசற்படியில் முடிந்த பயணம் அது. கூட வந்தவருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. எனக்கு ரஷ்ய மொழியில் எட்டுச் சொல் தெரியும். அந்த எட்டை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு, பாஸ்போர்ட் எடுத்து ஊர் சுற்றியவர்கள்கூடப் பட்டிருக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். டாக்டருக்குப் படிக்கப் போன பிரபு, படிப்போடு சேர்த்துக் கூடப் படித்த ஓல்யாவையும் முடிவு செய்துவிட்டான். கல்யாணம் செய்துகொண்டு மதுரைக்கே வந்து வேலை பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஓல்யாவுக்கும் சம்மதம். ஆனால் அவளுக்கு இருப்பது அம்மா மட்டும். "அம்மா முதலில் போய் உங்கள் வீட்டைப் பார்த்து வரட்டும். அவருக்கு மனசு ஒப்பினால் நான் வருகிறேன். இல்லாவிட்டால் நீ இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டாளாம். நம் ஊரில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்களே, அதே கதைதான். அவர்கள் வேனில் வருவார்கள், இந்த அம்மா விமானத்தில் வருகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

"நீயும் கூட வருவேல்ல?" என்று போனில் கேட்டேன்.

"எனக்கு லீவு இல்லம்மா. அவங்க மட்டும்தான் வாராங்க."

"அடப்பாவி! நான் அவங்ககிட்ட என்ன பாஷைலடா பேச?"

அப்போதுதான் அந்த எட்டுச் சொல்லையும் சொன்னான். பழைய டைரியில் எழுதிக்கொண்டேன். யா என்றால் நான். தி என்றால் நீ. ஓன் என்றால் அவன். அனா, அவள். அனோ, அது. மி என்றால் நாம். வி என்றால் நீங்கள். அனி, அவர்கள். "இது போதும்மா. மிச்சத்துக்கு விரலக் காட்டுங்க. அந்த மொழியும் நம்ம மொழி மாதிரிதான். நான் செல்வின்னு சொல்றோம்ல, அதே மாதிரி யா செல்வின்னா முடிஞ்சு போச்சு" என்றான்.

சமையல் செய்துகொண்டே மனப்பாடம் செய்தேன். என் வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு உள்ளே வந்தால் "ஓன்" என்பேன். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தால் "அனா" என்பேன். ஒரு சந்தேகம் மட்டும் உறுத்தியது. அவனுக்கும் ஓன், அவருக்கும் ஓன் என்றால் மரியாதைக்கு எங்கே போவது? இம்புட்டுப் பெரிய நாட்டில் மரியாதைக்கு ஒரு சொல் இல்லையா என்று பிரபுவிடம் சண்டை பிடித்தேன். "அதுக்குத்தான் வி இருக்கே. நேர்ல பேசுறப்ப வின்னு சொல்லுங்க" என்றான். உடனே டைரியில் 'தி'யைப் பேனாவால் அழுத்தி அடித்துவிட்டேன். என் மாமனார் சோழவந்தான் பக்கத்துக் கிராமத்தில் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்தவர். அறுபது வயதிலும் அவரை நிலத்துக்காரர் வீட்டுப் பொடிசுகள் நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிப்பட்ட சொல் என் வாயிலிருந்து வர வேண்டாம். 'மி'யையும் நான் பழகவில்லை. யாரோடு யாரைச் சேர்த்து நாம் என்று சொல்லப் போகிறேன்? வருவது விருந்தாளி.

கடைசியாகப் பிரபு ஒன்று சொல்லி வைத்தான். "தண்ணி மட்டும் ஜாக்கிரதைம்மா. அவங்க வயித்துக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எல்லாம் கெட்டுச்சு." அன்றோடு என் தூக்கம் போயிற்று. கடைக்குப் போய்ப் புதுத் தட்டு, புது டம்ளர், புது ஸ்பூன், புது வாளி, புதுத் துண்டு, சோப்பு, முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று என்று வாங்கினேன். டம்ளரையும் தட்டையும் வெந்நீரில் போட்டெடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, சமையலறையில் தனி அலமாரியில் வைத்தேன். "இதை யாரும் தொடக் கூடாது" என்று வீட்டுக்காரருக்கு உத்தரவு. அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் போட்ட உத்தரவை மறுத்துப் பழக்கமில்லாதவர்.

முதல் நாள் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்து ஆட்கள் வர வர, எட்டுச் சொல்லையும் முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். சின்னப் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு, கட்டை முடி, பூப்போட்ட சட்டை, தடித்த செருப்போடு ஒரு அம்மா வந்து நின்றார். போட்டோவில் பார்த்த அதே முகம். எட்டுச் சொல்லும் மறந்து போயிற்று. "வாங்க, வாங்க" என்றுதான் வாயில் வந்தது. பிறகு சுதாரித்துக்கொண்டு, "வி கலீனா பெத்ரோவ்னா?" என்றேன். பெத்ரோவ்னா என்பது அப்பா பெயரை ஒட்டி வருவதாம், நம் இனிஷியல் மாதிரி. அவர் சிரித்தார். நெஞ்சில் கை வைத்து "யா கலீனா" என்றார். என்னைக் காட்டி "வி?" என்றார். "யா செல்வி" என்றேன். ஒரு நிமிடத்துக்குள் மூன்று வாக்கியம் பேசியாகிவிட்டது. பரவாயில்லையே என்று திரும்பினால், வீட்டுக்காரர் ஒரு தூணுக்குப் பின்னால் நிற்கிறார்.

"இங்க வாங்களேன். வந்து கும்பிடு போடுங்க."

"நீயே பேசு. சம்பந்தியம்மா முன்னாடி நான் என்னத்த பேச?" என்றார். அவர் வளர்ந்த வீட்டில் சம்பந்தி வீட்டுப் பெண்கள் முன்னால் ஆண்கள் உட்காரவும் மாட்டார்கள், நேருக்கு நேர் பேசவும் மாட்டார்கள். அது அவருக்கு மரியாதை. இன்னும் சம்பந்தியே ஆகவில்லை, அதற்குள் மரியாதை தொடங்கிவிட்டது.

டாக்சியில் டிரைவர், "யாருக்கா, டூரிஸ்ட்டா?" என்று கேட்டார். "சம்பந்தி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நாலு நாளில் இந்தச் சொல் பொய்யாகிப் போனால் என்ன செய்வது?

வீட்டில் மேஜைமேல் புதுத் தட்டில் ரவை உப்புமா. பார்த்ததும் "காஷா!" என்றார். அவர்கள் ஊரிலும் ரவையில் இப்படி ஒன்று உண்டாம். தொட்டுக்கொள்ளத் தயிரும் சீனியும் கேட்டு வாங்கினார், எல்லாம் விரல் காட்டித்தான். பீட்ரூட் பொரியலைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஏதேதோ நீளமாகப் பேசினார். நான் ஒரு பக்கம் கரண்டியோடு நின்றேன். வீட்டுக்காரர் மறுபக்கம் தண்ணீர்ச் செம்போடு, சுவரைப் பார்த்து நின்றார். அந்த அம்மா இரண்டு முறை எதிர் நாற்காலியைக் காட்டினார். நான் தலையை ஆட்டி, "வி, வி" என்று அவரையே சாப்பிடச் சொன்னேன். விருந்தாளி சாப்பிட்டு முடிக்கும் முன்னால் நாங்கள் உட்காருவதாவது!

போனில் மொழிபெயர்த்துத் தருகிற வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதையும் பார்த்தோம். வீட்டுக்காரர் அதன் வாயருகே போய், "இன்னும் ரெண்டு வாய் வச்சுக்கிருங்கன்னு சொல்லு" என்றார். அது என்ன சொல்லித் தொலைத்ததோ, அந்த அம்மா கையால் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நாங்கள் பேசுகிற தமிழ் அதற்கு எட்டவில்லை. போனை மூடி வைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் செல்லூரில் என் தங்கச்சி மல்லிகா வீட்டுக்குப் போனோம். ஷேர் ஆட்டோ சந்துக்குள் திரும்பியதும், எதிரே நூல் கட்டுகளை ஏற்றிய மூன்று சக்கரத் தள்ளுவண்டி. முன்னால் போகவும் வழியில்லை, பின்னால் போகவும் வழியில்லை. இரண்டு பக்கமும் தறிச் சத்தம். பக்கத்து வாசலில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது எனக்கு மட்டும் புரிந்தது. "இம்புட்டு வெள்ளையா இருந்தா நம்ம ஊரு வெயிலு என்னத்துக்கு ஆகும்?" "மக இங்கதான் வாக்கப்படப் போகுதாம்ல. ரெண்டு மாசம் தாங்குமா?" அவர் என்னைப் பார்த்து, "அனி?" என்றார், அவர்கள் யார், என்ன சொல்கிறார்கள் என்கிற மாதிரி. "அனி..." என்று தொடங்கி எதுவும் தெரியாமல் கும்பிடு போட்டுக் காட்டினேன். அவர் அந்தப் பெண்களுக்குப் பதிலுக்குக் கும்பிடு போட்டார். அவர்கள் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டார்கள்.

மல்லிகா வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி. அதில் அவரை உட்கார வைத்து, நாங்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து மெதுவாகத் தரையில் உட்காரப் போனார். "ஐயோ, வேணாம், வேணாம்!" என்று நானும் மல்லிகாவும் பாய்ந்து, ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கி மறுபடி நாற்காலியில் வைத்தோம். அவர் முகம் சிவந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். பையிலிருந்து வெள்ளைத் துணியை அவிழ்த்து, அவருடைய டம்ளரை எடுத்து, நான் கொண்டுபோன கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன். மல்லிகா, "அக்கா, நீ தாங்குற தாங்குல அந்தம்மா ஊருக்கே போகாது பாரு" என்று கேலி செய்தாள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அந்த நாளில் வயிறு கெட்டுப் போனது யாருக்குத் தெரியுமா? எனக்கு. பயத்திலேயே கெட்டுவிட்டது. நாலு முறை போய் வந்தேன். அவர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தன் டம்ளரைத் தானே கழுவப் போனார். நான் பிடுங்காத குறையாக வாங்கி, தனியே வெந்நீரில் கழுவி, தனி அலமாரியில் கவிழ்த்தேன். அவர் அந்த அலமாரியையும், கீழே கூடையில் கிடந்த எங்கள் டம்ளர்களையும் மாறி மாறிப் பார்த்தார். சீக்கிரமே அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். என்ன குறை வைத்தேன்? தலையணை உயரமா, காற்று போதவில்லையா, கொசுவா? கொசுவத்தியைப் பிடித்துக்கொண்டு அறை வாசலிலேயே நின்றேன், தட்டவும் தைரியமில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்காரரின் ஊரைக் காட்டலாம் என்று கிளம்பினோம். காருக்குச் சொல்லலாம் என்றேன் நான். "முப்பது வருசம் ஓட்டுனவன் சம்பந்தியம்மாவக் கார்லயா கூட்டிட்டுப் போவேன்? நம்ம வண்டியிலதான் போகணும்" என்று முதன்முறையாக என் பேச்சை மறுத்தார். சோழவந்தான் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் பக்கம் அவர், பக்கத்தில் நான். வீட்டுக்காரர் இடம் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெல் வயலும் தென்னந்தோப்பும் வரத் தொடங்கியதும் அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்கும் மூச்சு வந்தது.

பாதி வழியில் அவர் திடீரென்று தலையைச் சாய்த்துக் காதைக் கூர்மையாக்கினார். அதே நேரம் வீட்டுக்காரரும் தலையைச் சாய்த்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் கீழே, பின் சக்கரத்தின் பக்கம், விரலை நீட்டினார்கள். கொஞ்ச தூரத்தில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "பிரேக்குக்குக் காத்து நிக்கல. எல்லாரும் இறங்கிக்கங்க, பின்னாடி வண்டி வரும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கலீனா அம்மா அவர் ஊரில் இருபது வருடம் மின்சார பஸ் ஓட்டியவர் என்று பிரபு சொல்லியிருந்தான். ஏதோ ஆபீஸ் வேலை போல நினைத்து மறந்துவிட்டேன். அவர் குனிந்து பஸ்ஸுக்கு அடியில் பார்த்து, வாயால் "ஸ்ஸ்ஸ்" என்று காற்று போகிற ஓசை எழுப்பினார். வீட்டுக்காரரும் குத்த வைத்து உட்கார்ந்து, "ஆமா, ஆமா, அந்த ஹோஸ்தான்" என்றார். அந்த அம்மா இரண்டு கையாலும் பெரிய ஸ்டியரிங்கைச் சுற்றுவது போலச் செய்து "யா!" என்றார். பிறகு இவரைக் காட்டி "வி?" என்றார். இந்த மனுஷன் மரியாதை, வழக்கம் எல்லாவற்றையும் மறந்து, நெஞ்சைத் தட்டி "யா! யா!" என்று கத்தினார். பஸ் டிரைவர் சிரித்தார், நான் சிரித்தேன். மூன்று நாளில் முதன்முறையாகக் காரியம் கைகூடிவிடும் என்று தோன்றியது.

ரோட்டோரம் ஒரு டீக்கடை. அடுத்த வண்டி வரும்வரை டீ குடிக்கலாம் என்று பத்துப் பதினைந்து பேரும் அங்கே கூடினோம். கடைக்காரர் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்து ஊற்றினார். நான் பையைத் திறந்து வெள்ளைத் துணியை அவிழ்த்தேன். "அண்ணே, இந்தம்மாவுக்கு மட்டும் இதுல ஊத்துங்க."

கடைக்காரர் ஊற்றினார். நான் அதைப் பயபக்தியோடு கலீனா அம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

சுற்றிலும் பார்த்தார். டிரைவர் கையில் கண்ணாடி டம்ளர். கண்டக்டர் கையில் கண்ணாடி டம்ளர். என் கையில், வீட்டுக்காரர் கையில், கீரைக்கட்டுக்காரப் பெண் கையில், எல்லார் கையிலும் அதுவே. அவர் ஒவ்வொருவராக விரல் காட்டினார். எனக்குத் தெரிந்த சொற்களில்தான் பேசினார். எனக்குப் புரிய வேண்டும் என்றே அந்தச் சொற்களில் பேசினார். "வி." என் டம்ளரைக் காட்டினார். "ஓன்." வீட்டுக்காரருடையதை. "அனா." கீரைக்காரப் பெண்ணுடையதை. "அனி." மற்ற எல்லாருடையதையும். பிறகு என் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரைத் தொட்டு, "யா" என்றார். குரல் நடுங்கியது. அதற்குமேல் ஒரு சொல் கேட்டார். அது என் எட்டில் இல்லை. ஏன் என்று கேட்கிறார் என்பதற்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.

நான் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். தண்ணீரைக் காட்டினேன். "வி... வி..." என்று திக்கினேன். அவருக்கு என்ன புரிந்திருக்கும்? உன்னைப் பார்த்தால் எங்களுக்கு வயிறு குமட்டுகிறது என்றுகூடப் புரிந்திருக்கலாம். அவர் போய் பஸ்ஸின் நிழலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"என்னங்க இது, இப்படி ஆகிப் போச்சு!" என்று வீட்டுக்காரரிடம் திரும்பினேன். அவர் கடையை, ரோட்டை, எதிரே இருந்த புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஸ்டாப்புதான் செல்வி" என்றார், மெதுவாக. "எங்கப்பா வெத்தலைக் கட்ட எறக்கி வச்சுட்டு இங்கதான் டீ வாங்கிக் குடுப்பாரு. அப்ப வேற கடை. எங்க ஆளுகளுக்குன்னு ரெண்டு டம்ளரு வெளிய கம்பில தொங்கும். நாங்களே எடுக்கணும், குடிச்சுட்டு நாங்களே கழுவி மாட்டணும். அத எடுக்கும்போது எங்கப்பா என் மூஞ்சியப் பாக்க மாட்டாரு."

எனக்கு உடம்பு கூசியது. "நான் எதுக்குப் பண்ணுனேன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அவுகளுக்கு?"

இருபத்தைந்து வருடமாகச் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கிறேன். எந்தப் பிள்ளையாவது தட்டைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தால், என்ன ஏது என்று விசாரித்து, வரிசையில் கொண்டுவந்து உட்கார வைக்காமல் ஒரு பருக்கை பரிமாறியதில்லை. அப்படிப்பட்டவள் என் வீட்டுக்கு வந்த பெண்ணுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி அலமாரி வைத்தேன். மூன்று நாள் அவர் ஒற்றையாகச் சாப்பிட, சுற்றி நின்று வேடிக்கை பார்த்தேன். தரையில் எங்களோடு உட்கார வந்தவரைத் தூக்கி எட்ட வைத்தேன். மரியாதையாம் மரியாதை! என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்காரர் என் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை வாங்கி, அந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார். கடைக்காரரிடம் கண்ணாடி டம்ளரில் இன்னொரு டீ வாங்கினார். தூணுக்குப் பின்னால் ஒளிந்த அதே மனிதர் நேராகக் கலீனா அம்மா முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். குடித்தார். அடுத்த வண்டி வந்தது. கொடிக்கால், வைகைக் கரை, வீட்டுக்காரரின் அண்ணன் வீடு எல்லாம் காட்டினோம். தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். சிரிப்பு மட்டும் திரும்ப வரவில்லை.

சாயங்காலம் பிரபு போன் செய்தான். குரலே சரியில்லை. "என்னம்மா நடக்குது அங்க? அவங்க ஓல்யாகிட்ட போன்ல அழுதாங்களாம். அந்த வீட்டுல யாரும் என் கூட உட்கார்ந்து ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேங்குறாங்க, நான் தொட்ட பாத்திரத்தத் தனியா வைக்குறாங்க, என் மகளையும் இப்படித்தான் வைப்பாங்கன்னு சொன்னாங்களாம்."

"டேய், நீதானடா வயிறு ஜாக்கிரதைன்னு..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டேன். பழியை அவன் தலையில் கட்டி என்ன ஆகப் போகிறது? "நீ அவங்ககிட்ட எதையும் விளக்க வேணாம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கு நேரம் இருக்குல்ல" என்று மட்டும் சொன்னேன்.

நாலாம் நாள். மாலையில் அவருக்கு விமானம். காலையிலிருந்து சமைத்தேன். அயிரை மீன் குழம்பு, பீட்ரூட் பொரியல், ரசம். கூடத்தில் மேஜையை ஓரமாகத் தள்ளினேன். தரையில் பாய் விரித்து மூன்று இலை போட்டேன். சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் நடுவில் வைத்தேன். யாரும் யாருக்கும் நின்று பரிமாற வேண்டாம். தனி அலமாரியிலிருந்த அந்த டம்ளரை எடுத்து எங்கள் டம்ளர்க் கூடைக்குள் போட்டேன். கூடையைக் கொண்டுவந்து, கைக்கு வந்ததை எடுத்து ஆளுக்கொன்றாக வைத்தேன். தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றியதுதான். அதில் மட்டும் நான் மாறவில்லை.

வீட்டுக்காரர் வாசலிலேயே தயங்கினார். "நான் பெறகு சாப்புட்டுக்கிறேன்."

"பேசாம வந்து உக்காருங்க!"

உட்கார்ந்தார். அறையிலிருந்து வந்த கலீனா அம்மா மூன்று இலையையும் பார்த்தார். எந்த இலை தனக்கு, எந்த நாற்காலி தனக்கு என்று தேடுகிற பார்வை. அவருக்கு ஒரு இலையைக் காட்டி, அதை ஒட்டிய இலையில் நான் உட்கார்ந்தேன். விரலால் மூன்று இலையையும் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். நான் பழகாமல் விட்ட சொல்லைச் சொன்னேன்.

"மி."

அவர் அப்படியே நின்றார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, என் தோளில் கை ஊன்றித் தரையில் உட்கார்ந்தார்.

கையால் பிசைந்து சாப்பிட்டார். பாதிச் சோறு இலைக்கு வெளியே போயிற்று. அயிரை மீனை எப்படிச் சாப்பிடுவது என்று வீட்டுக்காரர் தன் இலையிலிருந்தே செய்து காட்டினார். நான் எட்டிக் கலீனா அம்மா இலையில் பீட்ரூட்டை வைத்தேன், அவர் எட்டி என் இலையில் வைத்தார். தண்ணீர் குடிக்க டம்ளரைத் தூக்கியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரம் நசுங்கிய பழைய டம்ளர். பக்கத்தில் பெயர் வெட்டியிருந்தது. எழுத்தைத் தடவி, "அனோ?" என்றார். இது என்ன என்கிறார்.

"பிரபு" என்றேன். அவனுக்குக் காது குத்தியபோது மல்லிகா சீராக வைத்த டம்ளர் அது. அவர் அந்த எழுத்துகளை மறுபடி விரலால் தடவி, "பிரபு" என்று சொல்லிவிட்டு, தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் என்னைக் கட்டிப் பிடித்தார். என் நெஞ்சில் விரலை வைத்து "தி" என்றார், கூட ஏதோ சொன்னார். நான் டைரியில் அடித்து வைத்த சொல். முதலில் சுருக்கென்றது. முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. என் மாமனாரை நீ என்றவர்கள் முகம் இப்படி இருந்திருக்காது. பதிலுக்கு நானும் அதே சொல்லைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "வி" என்றுதான் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். இந்த முறையும் கதவுக்கு வெளியே நின்று மூக்கைச் சிந்தினேன்.

அதன் பிறகு ஒரு வாரம் ஒரு சேதியும் இல்லை. பிரபு தினமும் பேசினான். "அவங்க எதுவும் சொல்லலம்மா, ஓல்யாவும் கேக்கல" என்பதோடு நிறுத்திக்கொண்டான். ஒரு வேளைச் சாப்பாடு மூன்று நாளைத் துடைத்துவிடுமா? பள்ளிக்கூடத்தில் உலை கொதித்த பிறகும் அரிசி அளந்து கொடுக்க மறந்தேன். வீட்டில் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் போன் சார்ஜ் இறங்காமல் மட்டும் பார்த்துக்கொண்டார்.

எட்டாம் நாள் காலையில் போன் வந்தது.

"அம்மா, அத்தை ஒரு விஷயம் சொல்லச் சொன்னாங்க."

அவன் அத்தை என்று சொன்னதே எனக்கு உடனே உறைக்கவில்லை. "சொல்லுடா."

"ஓல்யாவுக்குன்னு தனியா தட்டு, டம்ளரு எதுவும் வாங்கி வைக்க வேணாமாம்."

"என்னவாம்? என்னவாம்?" என்று வீட்டுக்காரர் பதறினார். போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் நீட்டி, "திரும்பச் சொல்லுடா" என்றேன்.